அழச் சொன்னது யார்?

“...அதெல்லாம் சரிங்க, கேஸ் ஷீட்டுல எழுதியிருக்கு. இந்தப் பொண்ணை இங்க யார் அழச் சொன்னது? அதை முதல்ல சொல்லுங்க” என்று டாக்டரம்மா கேட்டபோது, வார்டில் நின்றிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொன்னது நான்தான். ஒரு தடவை இல்லை, பதினோரு நாளும் சொல்லியிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திவந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் வார்டு உதவியாளாக இருந்தேன். என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அங்கே வந்து படுத்தவர்களின் பேச்சைத்தான். வயிற்றுவலியோடு வந்த ஒரு பெரியவர், “உள்ள உக்காந்து யாரோ கயிறு திரிக்கிறாங்க தம்பி” என்றார். காய்ச்சல்காரி ஒருத்தி, “எங்க நாத்தனா மாதிரிதான் இதுவும். சாயங்காலமானா வந்துடுது, கெளம்பவே மாட்டேங்குது” என்றாள். இப்படிப் பேச்சையெல்லாம் மனசில் சேர்த்து வைத்துக்கொள்வேன். எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசவைத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம். சிஸ்டர்களும் அதை வளர்த்துவிட்டார்கள். யாராவது வாய் திறக்காவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெண்ணை உடையார்பாளையத்துக்கு அப்பாலிருந்து அவள் புருஷன் கூட்டிவந்தான். இரண்டு பேரும் பண்ணையில் கூலி வேலை செய்கிறவர்கள், ஊருக்கு வெளியே காலனியில் வீடு. ஐந்து வயது மகள் காய்ச்சலில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதிலிருந்து அவளுக்குப் பேச்சில்லை, கண்ணீர் இல்லை, சோறு இறங்கவில்லை. கட்டில் கொடுத்தோம். அவள் தரையில்தான் உட்கார்ந்தாள். யார் கிட்டே போனாலும் எழுந்து கைகட்டி நிற்பாள்.

பெரிய டாக்டர் தங்கமான மனிதர். பொறுமையாக எத்தனையோ கேள்வி கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. பிறகு நான் போனேன். சிரிக்கவைத்துப் பார்த்தேன், ஊர்க்கதை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். “அழுதுடும்மா. வாய்விட்டு அழு. பாரம் எறங்கிடும்.”

அதைச் சொன்னதும் அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். கண் எங்கேயோ இருந்தது. நான்தான் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

மறுநாளும் சொன்னேன், மறுநாளும் அதேதான். இப்படியே பதினோரு நாள். ‘கைகளைத் தூக்கியபடி உறைந்து நிற்கிறாள்’ என்று பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார். புத்தி பேதலித்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். குளுகோஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இனி இங்கே வைத்திருப்பது ஆபத்து என்று மெட்ராஸ் மனநல ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தயாரானது. மறுநாள் காலை கிளம்ப வேண்டும். கைநாட்டு வைக்கச் சொல்லி நான் காகிதத்தை நீட்டியபோது புருஷன் வைக்கவில்லை. “அங்க போனா திரும்பி வருவாளாங்க?” என்றான். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் திருச்சியிலிருந்து அந்த டாக்டரம்மா வந்தார்கள். மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸில் வந்து, மனசு சரியில்லாதவர்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாற்பது வயதிருக்கும். கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு, “எப்ப கையைத் தூக்குறா?” என்று கேட்டார்கள். “அழச் சொன்னா, முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டுத் தூக்குறா” என்று சிஸ்டர் சொன்னார். வேறு அறிகுறிகளை அவர் சொல்ல ஆரம்பித்தபோதுதான் டாக்டரம்மா குறுக்கிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

“நான்தாங்க சொன்னேன்” என்றேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. “இனிமே சொல்லாதீங்கண்ணே” என்றார்கள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, “உங்க ஆண்டை வூட்டுல எழவு விழுந்துச்சா?” என்று கேட்டார்கள்.

அவன் அப்படியே ஆடிப்போனான். ஆண்டை என்பது பண்ணைக்காரரைக் காலனிக்காரர்கள் சொல்லும் சொல். ஒரு டாக்டர் வாயிலிருந்து அதை அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

“ஆமாங்க. பெரியம்மா போயிட்டாங்க.”

“எப்ப?”

“நாங்க புள்ளையப் பொதைச்ச மறுநா காலையிலங்க.”

“இவ போனாளா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “போவாம இருக்க முடியுங்களா. பொம்பளைங்க எல்லாம் வரணும்னு ஆள் வந்து நின்னுச்சு. இவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான், போயிட்டு வந்துடு புள்ள, நம்ம எழவை அப்புறம் பாத்துக்கலாம்னு அனுப்புனேன். அன்னிக்கு அவ அழுத மாதிரி அங்க யாருமே அழுவலீங்க. மாருல அடிச்சிக்கிட்டு அப்படி அழுதா. இவளுக்குத்தான் எங்கம்மா மேல எம்மாம் பாசம்னு அந்த வூட்டுக்காரங்களே சொன்னாங்க. வூட்டுக்கு வந்தா. அப்புறம் இப்படித்தாங்க.”

பண்ணை வீட்டில் சாவு விழுந்தால் காலனிப் பெண்கள் வந்து தெருக்கோடியில் நின்று மாரடித்து அழவேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்படிப்பட்ட சாவுகளுக்கு நானும் போயிருக்கிறேன், பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கேட்ட அந்த அழுகை எனக்கு மேளச் சத்தம் மாதிரி இன்னொரு சத்தம். அங்கே நிற்கிறவள் வீட்டில் நேற்று என்ன நடந்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பெரிய டாக்டருக்கு நல்ல கண் இருந்தது, எனக்கு நல்ல காது இருந்தது. இரண்டும் பதினோரு நாள் உழைத்துக் கண்டுபிடிக்காததை, அந்தப் பெண்கள் நடுவே நின்றிருந்த ஒருவர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

ஆமாம், நின்றிருந்தவர்தான். சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, “எந்தப் புஸ்தகத்துலங்க இது இருக்கு?” என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார்கள். “எதுலயும் இல்லண்ணே. முந்தானையை இடுப்புல செருவுறான்னு அந்த சிஸ்டர் சொன்னாங்கள்ல. பைத்தியம் புடிச்சவ அதைச் செய்ய மாட்டா. வேலைன்னு மாரடிக்க எறங்குறவதான் செய்வா. எங்கம்மா செஞ்சு பாத்திருக்கேன்” என்றார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பஸ் வந்ததும் பையை ஏற்றிவிட்டேன்.

அந்தப் பெண் மெட்ராஸுக்குப் போகவில்லை. இரண்டு வாரத்தில் தன் காலால் நடந்து பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேருக்குக் கஞ்சி கொடுத்திருக்கிறேன், பேச்சுக் கொடுத்திருக்கிறேன். யாரையும் அழு என்று சொன்னதில்லை. என் வாயால் திறக்க முடியாத கதவுகள் உண்டு என்று எனக்குத் தெரிந்துபோனது. அதற்குரிய ஆள் வரும்வரை வழியை மறிக்காமல் நிற்பதும் ஒரு வேலைதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று அப்படி ஒருவர் வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கு வார்டில் புருஷன் சொல்லி முடித்ததும் டாக்டரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். “தங்கச்சி, பாவாடை கட்டுன வயசுல எங்கம்மாகூட நானும் போயிருக்கேன். அழுவ வரலைன்னு தொடையில கிள்ளு வாங்கியிருக்கேன்” என்றார்கள். அவள் முதல்முறையாக ஒரு மனித முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது அவங்க வூட்டு எழவு. அது முடிஞ்சிடுச்சு. நான் இப்ப உன் வூட்டு எழவுக்கு வந்திருக்கேன். புள்ள பேரு என்னா?”

உதடு அசைந்தது. எங்களுக்குக் கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்குக் கேட்டது. அவள் தோளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து, அந்தக் குழந்தையின் பேரைச் சொல்லி முதலில் அழ ஆரம்பித்தது டாக்டரம்மாதான்.