புள்ளிக்கோடு

1991-ம் வருடம், மே மாதம். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த பெரியப்பா, அதாவது அப்பாவின் பங்காளி அண்ணன், கிறிஸ்துமஸ் லீவில் நடக்கவிருந்த குடும்பச் சந்திப்புக்காக எங்கள் வம்சத்தை ஒரே தாளில் வரைந்து, வீட்டுக்கு வீடு ஜெராக்ஸ் அனுப்பினார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கொள்ளுத்தாத்தா இளவயதில் ரயில்வே வேலைக்கு வடக்கே போய், அங்கே குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர். அவர்களுக்குப் போதகரும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. மௌனமாக உட்கார்ந்து ஜெபிப்பார்கள். அதனால் பழைய பெயரிலேயே இருந்தார். வயதான பிறகு தாம்பரம் திரும்பி, இங்கே ஒரு சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கிப் புதுப்பெயர் வைத்துக்கொண்டார். இரண்டு பெயரையும் பார்த்த பெரியப்பா, ஒரே மனிதரை அண்ணன் தம்பியாக்கிவிட்டார். மனைவியை ஒருவருக்கும் பிள்ளைகளை இன்னொருவருக்கும் பங்கு வேறு போட்டிருந்தார்! பிள்ளைகள் பக்கம், அதாவது எங்கள் பக்கம், வெறும் புள்ளிக்கோடு. அருகில் "திருமணம் நடந்ததா தெரியவில்லை" என்று ஒரு குறிப்பு.

அப்பா நேரில் போய்ச் சொன்னார். "ரெக்கார்டு இருந்தா கொண்டாப்பா, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார் பெரியப்பா. அப்பா தாளை மடித்து பீரோவில் வைத்தார். "நான் வரலை. நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வடக்கே அந்தச் சபைக்கு நான்கு கடிதம் போட்டேன். நவம்பரில் கல்யாணப் பத்திரத்தின் நகல் வந்தது. அவர்கள் கல்யாணத்தில் வந்தவர்கள் எல்லோருமே சாட்சிக் கையெழுத்துப் போடுவார்களாம். மாப்பிள்ளை, கொள்ளுத்தாத்தாவின் பழைய பெயரில். மணமகள் பெயர், தாம்பரம் சர்ச் பதிவேட்டில் அவருடைய புதுப்பெயருக்குப் பக்கத்தில் மனைவி என்று இருந்த அதே பெயர். இந்தி, இங்கிலீஷ் கையெழுத்துகளுக்கு நடுவே தமிழில் ஒன்று: மாப்பிள்ளையின் தம்பி. பெரியப்பாவின் சொந்தத் தாத்தா!

பெரியப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ஆமா, எங்க தாத்தா கையெழுத்துதான். ஆனா ஜெராக்ஸ் எல்லாம் போயிடுச்சே. ஒரு கோடுதானே, வுடுப்பா."

"உங்க தாத்தா சாட்சி சொன்ன கல்யாணத்தையே இல்லேன்னு எழுதிட்டு, ஒரு கோடுங்கறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

சந்திப்புக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பீரோவில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எல்லோர் முன்னாலும் விரித்து, என் பேனாவை வாங்கினார். இரட்டைப் பெயரை அடித்து ஒன்றாக்கினார், புள்ளிக்கோட்டின் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். பிறகு, "வந்தவங்க எல்லாரும் இதுல கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டினார். எல்லோரும் போட்டார்கள். பெரியப்பா கடைசியாகப் போட்டார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், ஒரு கோட்டுக்காக ஏழு மாதம் தலைகுனிந்திருந்த என் அப்பாவை நான் பார்த்திருக்கிறேன்.