முருகன் படமும் என் செபமும்

வீடு மாற்றும் லாரியில் வேலை செய்கிறவன் ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் தூக்கித்தான் ஆகவேண்டும்.

நான் கத்தோலிக்கன். சிலுவை சட்டைக்கு வெளியேதான் தொங்கும். முதல் சாமானைத் தொடும் முன் சிலுவை அடையாளம் போட்டு, "ஆண்டவரே, ஒண்ணும் உடையக்கூடாது, ஒருத்தருக்கும் அடிபடக்கூடாது" என்று வாய்விட்டுச் சொல்வேன். பேருந்திலும் சாப்பாட்டுக் கடையிலும் நாலு பேர் பார்க்கச் சிலுவை போடுகிறவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும். எனக்குப் படிப்பு ஆறாவதோடு சரி. ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பது அடுக்குமாடி புளோக் எண்ணோடு நினைவிருக்கும்.

புக்கிட் மேரா சீன அம்மா

பத்தாவது மாடியில் இருந்தார். நான் கண்ணை மூடிச் செபம் சொன்னதும் அந்த அம்மா கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். சாமான் கணக்கில் ஏதோ தகராறு என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சரியில்லை. என்னோடு வேலை செய்யும் முத்தையா மலாயில் விளக்கினான். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் தோளை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதை முத்தையா சிரிக்காமல் எனக்குச் சொன்னான்: "பியானோ ரொம்பக் கனமாம். அதுக்குத் தனியா ஒண்ணு சொல்லச் சொல்றாங்க."

கவிச்சி சாப்பிடாத ஆள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. வசந்தா என்கிற அம்மா ஃபேரர் பார்க்கில் புது வீட்டுக்குக் குடிவந்தார். சாமி படம் உள்ளே போன பிறகுதான் மற்ற சாமான் போகவேண்டும். நாலடி உயர முருகன், கண்ணாடி போட்டது. "உங்கள்ல யாரு இன்னிக்குக் கவிச்சி சாப்பிடல?" என்று கேட்டார். முத்தையா காலையிலேயே ஆட்டுக்கால் சூப் குடித்திருந்தான். வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் நான் வெறும் தோசை.

வாசலில் அவர் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். எல்லார் கண்ணும் என் சிலுவை மேல். படம் கை நழுவினால், வேதக்காரன் வேண்டுமென்றே போட்டான் என்பார்கள். நான் தூக்கினது எங்கள் மாதா கோவிலில் தெரிந்தால் அங்கே என்ன சொல்வார்களோ. சிலுவை போட்டு வழக்கமான செபத்தைச் சத்தமாகவே சொன்னேன். ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். வெளியே வந்ததும் முத்தையா என் காதில் சொன்னான்: "அண்ணே, இன்னிக்கு முருகனுக்கு நீதான்லா ஆளு."

முதலாளி கூப்பிட்டார்

அடுத்த வாரம் முதலாளி அறைக்குள் கூப்பிட்டார். நான் சத்தம் போட்டுச் செபம் செய்கிறேன் என்று போன வாரம் மாற்றின ஒரு வீட்டிலிருந்து புகாராம். பெயர் சொல்ல மாட்டேன் என்றார். எனக்குச் சொல்லவேண்டியதே இல்லை. அந்த வாரம் நாங்கள் மாற்றினது இரண்டே வீடு. ஒன்று வசந்தா அம்மா வீடு. இன்னொன்று ஜாலான் புசாரில் சூசை சார் வீடு. அவர் எங்கள் கோவிலில் ஞாயிறுதோறும் மேடையேறி பைபிள் வாசகம் வாசிக்கிறவர். அவரா புகார் கொடுப்பார்? ஃபேரர் பார்க் அம்மாவை மனதில் குறித்துக்கொண்டேன்.

எனக்கு வயது அறுபத்தாறு. இந்த வேலை போனால் வேறு எந்த லாரியிலும் ஏற்ற மாட்டார்கள். அது முதலாளிக்கும் தெரியும். மெதுவாகத்தான் சொன்னார்: "அங்கிள், இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா நீங்க வீட்டுலயே இருந்துக்கலாம்."

வாய்க்குள்ளே

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஸ்டெல்லா, "ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்க கத்தவேணாம்" என்றாள். மூன்று வாரம் உதட்டை அசைக்காமல் செபம் சொன்னேன். சிலுவையும் சட்டைக்குள்ளே போய்விட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் திருடன் போல நின்றேன். முத்தையா இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தபடி கேட்டான்: "என்னண்ணே, உன் சாமி கூடப் பேச்சு இல்லையா?"

தேக்கா மார்க்கெட்டில்

வசந்தா அம்மாவை இரண்டு முறை கண்டும் காணாதவன் போல் போனேன். மூன்றாம் முறை மீன் கடை முன்னால் அவரே வழியில் நின்று, "அண்ணே, சௌக்கியமா?" என்றார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "புகார் குடுத்துட்டுச் சௌக்கியம் வேற கேக்கிறீங்களா? என் வேலையே போகப் பாத்துச்சு" என்று கத்தினேன். மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் தடுமாறவில்லை: "விரதம் இருந்து எங்க முருகனத் தூக்கின மனுசன் மேல நான் ஏன் புகார் குடுக்கப்போறேன்? வேற வீட்டுல போய்க் கேளுங்கண்ணே."

வேறு வீடு என்றால் ஒன்றுதான் இருந்தது.

சமாதானம்

ஞாயிறு பூசை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். முன் வரிசையிலிருந்து சூசை சார் திரும்பி, சிரித்த முகத்தோடு கைகூப்பினார். நான் கூப்பவில்லை. "புகார் குடுத்தது நீங்கதானா, சார்?" என்றேன். ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. கூப்பின கையை இறக்காமல் குனிந்து சொன்னார்: "புது இடம், அந்தோணி. நீங்க போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரன்லாம் கதவத் தொறந்து பாத்தான். கோவிலுக்குள்ள எவ்வளவு வேணா செபம் பண்ணுங்க, வெளிய எதுக்கு? சமாதானம், சமாதானம்."

திங்கட்கிழமை போன வீட்டில் சிலுவையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு பழைய சத்தத்திலேயே செபம் சொன்னேன். இதை எழுதுகிற வரைக்கும் வேலை இருக்கிறது, சூசை சாருக்குச் சொல்லவேண்டிய சமாதானம் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.