செண்பகவல்லி அக்கா கையெழுத்திட்ட சாய்தளம்

கடந்த வியாழக்கிழமை காலை, கழுகுமலை அருகே ஒரு சிறுபாலத்துக்குக் கம்பி கட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் நிலையப் போர்ட்டர் சுடலை அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு வந்தது.

“சார், நம்ம செண்பகவல்லி போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாவளாம். வண்டி பிடிக்கதுக்குள்ள முடிஞ்சிட்டு. சாயந்தரம் எடுக்காவ. நீங்க வந்திருங்க, உங்க மேல அவ்வளவு பிரியம் அவியளுக்கு.”

அந்தக் கடைசி வாக்கியம் காதிலேயே கிடக்க, வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செண்பகவல்லி அவர்கள் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தவர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் நடக்க உதவவில்லை. கோவில்பட்டியை அடுத்த ஒரு சிறிய நிலையத்தில் தினமும் காலை பாசஞ்சரில் ஏறுவார். அந்த வண்டி நிற்பது இரண்டாவது நடைமேடையில். மேம்பாலத்துக்குப் படிகள் மட்டுமே உண்டு. ஆகவே சுடலை அண்ணாச்சி அவரைச் சக்கர நாற்காலியோடு நடைமேடையின் கோடிக்குத் தள்ளிச்சென்று, தண்டவாளங்களின் மேலே தூக்கிக் கடத்துவார். மழை நாளில் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் சக்கரத்தைக் கழுவ வேண்டியிருக்கும் என்று அக்கா சிரித்தபடி சொல்வார்.

அந்த நிலையத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நான் தளப் பொறியாளர். முதல் வாரமே அக்கா நாங்கள் தோண்டிய குழியோரம் வந்து நின்றார்.

“கரிசல முழுசா எடுத்திருவீங்களா தம்பி? எங்க வீட்டுச் சுவர்ல கை நுழையுத அளவுக்கு வெடிப்பு. இந்த மண்ணு மழைக்கு வீங்கும், கோடைக்குப் பொளக்கும்.”

அதை எடுத்துவிட்டு, பழைய நடைமேடையை உடைத்த கல்லையும் காரையையும் நொறுக்கி நிரப்பப் போகிறோம் என்றேன். புதிதாக மலையை வெட்டிக் கல் கொண்டுவர வேண்டியதில்லை. லிஃப்ட் இல்லை, மேம்பாலம்வரை மடங்கி மடங்கி ஏறும் நீண்ட சாய்தளம். மின்சாரம் வேண்டாம், பழுதாகாது. அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

“அது சரி. கரண்டு போனா நான் நடுவுல தொங்கிக்கிட்டு இருக்க முடியாதுல்லா?”

பலகைகளை வைத்து மூன்று சரிவுகள் செய்து காட்டினேன். முதல் இரண்டில் அவரால் பாதிக்குமேல் போக முடியவில்லை. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி உயரம் இருந்த மூன்றாவதில் தானே சக்கரத்தைத் தள்ளி உச்சிக்குப் போனார். “தம்பி, யாரும் தள்ளாம நான் ஏறுன மொத ஏத்தம் இதுதான்!” என்று அவர் சிரித்தபோது நான் ஒரு புகைப்படம் எடுத்தேன். அந்தச் சரிவின் வரைபடத்துக்குப் பயணிகளின் ஒப்புதல் வேண்டும் என்று அலுவலகம் கேட்டிருந்தது. அக்கா வரைபடத்தோடு இணைத்த ஒப்புதல் தாளைக் கையில் வாங்கி, “இந்தப் படத்துக்குத்தானே கையெழுத்து போடுதேன்?” என்று கேட்டார்.

“ஆமாக்கா.”

சில மாதங்களில் இன்னொரு வரைபடம் வந்தது. முன்புறம் கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதால் சாய்தளத்தைச் சுருக்கியிருந்தார்கள். ஏழடிக்கு ஓரடி. மேலே பளபளக்கும் ஓடு. அக்காவின் கையெழுத்துத் தாள் அந்தப் புதிய வரைபடத்தோடு கோக்கப்பட்டிருந்தது. மேலாளரிடம் கேட்டேன். “ஒரு ஆள் தள்ளினா ஏறிரலாம்லா? நீ வேலையப் பாரு” என்றார். வேலையைப் பார்த்தேன்.

உடைத்துக் குவித்த கல் விலைக்கு லாரிகளில் வெளியே போகத் தொடங்கியது. ஒரு மாலை வண்டியிலிருந்து இறங்கிய அக்கா குவியலைப் பார்த்துவிட்டு, “கல்லு எங்க தம்பி போவுது?” என்று கேட்டார்.

“அந்தப் பக்கம் அடுக்குதோம்க்கா” என்றேன்.

திறப்பு நாளன்று நுழைவாயிலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். பசுமைக் கட்டுமானம், அனைவருக்குமான நிலையம் என்று எழுதி, நடுவே நான் எடுத்த புகைப்படம். அக்கா நல்ல பட்டுச்சேலையில் வந்திருந்தார். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினார். மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கைகள் நின்றன. நாற்காலி பின்னால் உருண்டது. சுடலை அண்ணாச்சி பாய்ந்து பிடிக்காவிட்டால் கவிழ்ந்திருக்கும். அக்காவின் மணிக்கட்டு பிசகிவிட்டது.

கூடியிருந்தவர்கள் என் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்கள். அக்கா வலியோடு கையை உயர்த்தித் தடுத்தார்.

“தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. அவியளயும் சேத்துத்தான் ஏமாத்திட்டாவ.”

நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையும் அவர் துயரம் என்றே எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் ரயில்வேக்கு மனுமேல் மனு எழுதினார். ஒவ்வொன்றிலும் தளப் பொறியாளர் நிரபராதி என்று ஒரு வரி இருக்கும். ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்:

“தம்பி, நான் கையெழுத்து போட்ட பழைய படம் உங்ககிட்ட இருக்கா? அது இருந்தா போதும்.”

“ஆபீஸ்ல திருப்பி வாங்கிட்டாங்கக்கா.”

அதன் நகல் அப்போது என் பையில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

பயணியே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார் என்று பதில் எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். தள்ளுபவரின் காலும் அந்த ஓட்டில் வழுக்கியதால், சாகும்வரை அக்கா நடைமேடைக் கோடி வழியாகத்தான் தண்டவாளத்தைக் கடந்தார். போகும்போதும் வரும்போதும் வாயிலில் தன் சிரித்த முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவரை அறிந்தவர்கள் பலர் நானும் ஏமாந்தவன் என்று இன்றுவரை நம்புகிறீர்கள். அக்கா அப்படிச் சொன்னதால் நம்புகிறீர்கள். நான் ஏமாறவில்லை. எனக்கு எல்லாம் முன்பே தெரியும். இரண்டு வரைபடங்களையும் என் வாக்குமூலத்தையும் நேற்று உரிய அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். அக்கா உயிரோடிருந்தபோது செய்திருக்க வேண்டியது அது.

அந்த வியாழன் மாலை இறுதி ஊர்வலம் போகையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பாடையைத் தோளில் தாங்கியபடியே நின்றார்கள். மாலை பாசஞ்சர் வந்தது. சுடலை அண்ணாச்சி யாருக்கெல்லாம் சொல்லியிருந்தாரோ தெரியவில்லை. கதவுகளிலும் ஜன்னல்களிலும் அக்காவோடு தினமும் பயணித்த பெண்கள் கைகூப்பி நின்றார்கள். ஒருத்தி “அக்கா, போயிட்டு வாங்கக்கா” என்று கத்தியது சக்கரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அதையே என் வாயால் சொல்ல அன்று முடியவில்லை. இங்கே சொல்கிறேன். போய்வாருங்கள் அக்கா.