முதல் ஓலை

ஓலை என்றால் கடிதம்தானே என்று நினைத்துக்கொண்டு, புது ஸ்வெட்டர் போட்டு, தலையைப் படிய வாரி, என் அவமானத்துக்கு நானே டிக்கெட் வாங்கி பஸ் ஏறிப் போனவன் நான். இப்படியொரு முட்டாள் நீலகிரி மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். இரண்டு வருடமாகிறது. இன்றும் ஊட்டி மார்க்கெட்டுக்கு வந்தால், பழைய தெருக்களுக்கு மேலே நிற்கும் அந்தப் பேராலயத்தின் கோபுரம் கண்ணில் படாதபடி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறேன். வெயிலடித்தாலும்தான்.

நானும் என் கூட்டாளியும் ஒரே தேயிலை ஃபேக்டரியில் வேலை. லைன் வீட்டில் அடுத்தடுத்த அறை. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸின் மேல் எனக்கு மனசு போனது அவனுக்கு மட்டும்தான் தெரியும். எஸ்டேட்டில் நான் பேர்போன கோமாளி. காய்ச்சல் என்று சொன்னாலே சிரிப்பார்கள். அதனால் நேரில் கேட்கப் பயம். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமென்றால், நீல டிக் விழுந்து பதில் வருவதற்குள் உயிர் போய்விடும். கடைசியில் நான்கு பக்கம் கையால் எழுதி, அவளைப் போலவே கத்தோலிக்கனான அவனிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். வாழ்நாளில் விளையாட்டில்லாமல் நான் செய்த ஒரே காரியம் அது. "குடுத்துட்டேன் மாப்ளே, யோசிச்சுச் சொல்றேன்னுச்சு" என்றான். மூன்று மாதம் இதையே சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழம பெரிய கோயிலுக்கு வந்துருடா, ஓலை வாசிக்கிறாங்க" என்றான். பெண்ணுக்கு வந்த கடிதத்தைச் சபை நடுவே படித்துச் சம்மதம் கேட்பது இவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். இரண்டாம் பக்கத்தில் சின்ன 'ர' போட்டேனா பெரிய 'ற' போட்டேனா என்பதுதான் வழிநெடுக என் கவலை.

உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் பெஞ்சுகளின்மேல் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. எல்லாரும் மண்டியிடும்போது நான் நின்றேன். எல்லாரும் எழுந்தபோது மண்டியிட்டேன். பூசை முடிவில் பங்குத்தந்தை ஒரு தாளை எடுத்தார். மணமகன் என்று என் கூட்டாளியின் பெயரையும், மணமகள் என்று அவள் பெயரையும் வாசித்தார். இது முதல் ஓலை, இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்கப்படும் என்றார். "இத்திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் என்னிடம் தெரிவிக்கவும்." தன்னால் சொல்ல முடியாததை அவர் வாயால் எனக்குச் சொல்லவைத்திருந்தான் என் கூட்டாளி.

வாசலில் அவள் அவனோடு முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "வந்துட்டீங்களாண்ணா!" அந்த அண்ணாவிலேயே பாதி செத்தேன். "இவரு பேசவே மாட்டாருங்ண்ணா. ஆனா லெட்டர் எழுதுனாரு பாருங்க! 'உங்க ஊசிக்குத்தான் பயம், உங்களுக்கு இல்ல'ன்னு. படிச்சு அழுதுட்டேன்."

அது என் மூன்றாம் பக்கம். அவள் யாரிடமோ பேசத் திரும்பியதும் அவனைப் பார்த்தேன். ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே, "கையெழுத்து மட்டும் மாத்துனேன் மாப்ளே" என்றான்.

அவளிடம் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு என் நான்கு பக்கத்தால் வந்த சிரிப்பு. அதை நானே அழிக்க மனம் வரவில்லை. விடவும் மனமில்லை. நேரே பங்குத்தந்தையின் அறைக்குப் போனேன்.

"ஏனுங்க ஃபாதர், தடை ஒண்ணு இருக்குதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். "பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்லீங்க."

"ரெண்டு பேரும் நெருங்குன சொந்தமா? பொண்ணைக் கட்டாயப்படுத்தறாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க." பிறகு, சிரிக்காமல், ஒரு வேடிக்கையும் சேர்க்காமல், கடிதத்தின் கதை முழுவதையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பேனாவை மூடினார்.

"அது தடை இல்ல, தம்பி."