நெடுக அறுத்த பைப்

பைப் செய்யப் பழகலாம் என்று முடிவெடுத்தபோது நான் ஒரு பீடியைக்கூடப் பற்றவைத்து அறியாதவன். அந்தமானில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. சாயங்காலங்களில் படாக் மரத்துண்டுகளைக் குடைந்து சாம்பல் கிண்ணம், சாவி வளையம் என்று ஏதாவது செய்து அபர்டீன் பஜாரில் ஒரு கடைக்குக் கொடுப்பேன். அந்தக் கடைக்காரர்தான் ஒருநாள், "புகை பிடிக்கிற பைப் பண்ணிக் குடுங்க சார், டூரிஸ்ட் கேக்குறாங்க" என்றார்.

இணையத்தில் படம் பார்த்து ஒன்று செய்தேன். வெளியே அழகாகத்தான் வந்தது. துளை போடும்போது டிரில் பிட் புகையிலை வைக்கிற கிண்ணத்தின் அடிக்குப் போகாமல் விலா வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. படங்களில் பைப்பின் வெளிப்புறம்தான் தெரியும். உள்ளே பாதை எப்படிப் போகிறது என்று பார்க்க அசலான பழைய பைப் ஒன்று கையில் வேண்டும். புதியதின் விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். பழையவை மலிவாக இருந்தன. ஆனால் என் பின்கோடைப் போட்டதும் எல்லாக் கடைகளும் ஒரே குரலில் வருத்தம் தெரிவித்தன. இந்திய வரைபடத்தில் அந்தமான் இருக்கிறது. கூரியர்காரர்களின் வரைபடத்தில் அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஊரில் பைப்போடு நான் பார்த்த ஒரே ஆள் ஒரு காண்ட்ராக்டர். ராமநாதபுரத்துக்காரர். கல்கத்தாவில் பழைய சாமான் கடையில் வாங்கிய பைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் சைட்டுக்கு வருவார். பைப் வாயில் இருந்தால் இன்ஜினீயர்கள் குறுக்கே பேசுவதில்லை என்பது அவர் அனுபவம். மெயின்லேண்ட் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நலம் விசாரிக்கிற சாக்கில் போனேன்.

"புகையே கூடாதுன்னுட்டாரு தம்பி. பந்த்! சப் பந்த்!"

"அப்ப அந்தப் பைப்பை எனக்குக் குடுங்கண்ணே."

"நீ எப்பய்யா பிடிக்க ஆரம்பிச்ச?"

"பிடிக்க இல்லண்ணே, படிக்க."

டாக்டரிடம் நான்தான் போக வேண்டும் என்பதுபோல் பார்த்தார். லண்டன் சரக்கு என்று விலையை ஏற்றிப் பார்த்தார். கடைசியில் ஒரு நல்ல வஞ்சிர மீனின் விலைக்கு இறங்கி வந்தார்.

அதை அலுவலகத்துக்கு எடுத்துப் போனது தப்பு. எங்கள் செக்ஷன் ஆபீசர் எல்லோரிடமும் இந்தியில் வள்ளென்று விழுகிறவர். பைப்பை வாங்கினார், வாயில் வைத்தார், ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டார், ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி நாட்டின் எதிர்காலம் பற்றி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் மச்சான் அதை வாயில் வைத்து செல்ஃபி எடுத்தான். "நாத்தம் தாங்கல, வெளிய வைங்க" என்று சொன்ன என் மனைவியையே ஒருநாள் கண்ணாடி முன்னால் பைப்பும் கையுமாகப் பார்த்தேன். பார்க்காததுபோல நகர்ந்துவிட்டேன். துளை எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் கம்பியை விட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மெல்லிய ரம்பத்தால் கிண்ணத்திலிருந்து வாய்முனை வரை நெடுக இரண்டாக அறுத்தேன். உள்ளே அந்தத் துளை லேசான சரிவில் போய், கிண்ணத்தின் அடித்தளத்தைச் சரியாகத் தொட்டு நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா காசு குடுத்தீங்க?" என்றாள்.

மறுநாளே காண்ட்ராக்டரிடமிருந்து போன். அவருக்கு அறுபதாம் கல்யாணமாம். பஜாரில் ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறார்கள். பைப் இல்லாமல் போட்டோ எடுத்தால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாதாம். "ஜல்தி எடுத்துட்டு ஸ்டுடியோவுக்கு வா!"

இரண்டு பாதிகளையும் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் துண்டைப் பிரித்துப் பார்த்தார்.

"ஏன்யா, இது என்ன மீனா, ரெண்டாப் பொளந்து கொண்டாந்திருக்க?"

"உள்ள பாக்கணும்னுதாண்ணே..."

"பைப்புக்கு உள்ள என்னய்யா இருக்கு? ஓட்டைதான!"

அதற்குள் வங்காளி போட்டோகிராபர் ஒரு பாதியை எடுத்து அவர் உதட்டில் பொருத்தி, முகத்தைத் திருப்பிவிட்டார். "சைட் போஸ், சாப். ஏக் ஹீ சைட் திகேகா." ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும் என்றதும் காண்ட்ராக்டர் சமாதானமாகி, பாதிப் பைப்பைக் கடித்துக்கொண்டு கம்பீரமாகத் தூரத்தைப் பார்த்தார்.

ஃப்ளெக்ஸில் அந்தப் பாதிப் பைப்பிலிருந்து சுருள்சுருளாகப் புகை வேறு வந்தது. கம்ப்யூட்டரில் போட்டிருந்தார்கள். டாக்டர் சொன்னதையும் மீறவில்லை, கம்பீரமும் குறையவில்லை. விழாவுக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பைப்பைத்தான் விசாரித்தார்கள்.

அடுத்த வாரம், ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, இன்னொரு தீவிலுள்ள ஹட் பேயிலிருந்து ஒரு பாக்கு வியாபாரி தேடி வந்தார். அவருக்கும் அதேபோல் ஒன்று வேண்டுமாம். படாக்கில் செய்து தருகிறேன் என்று சொல்லி, அறுத்த பாதிகளைக் காட்டி, சரிவு எப்படி, துளை எங்கே போய் நிற்க வேண்டும் என்று உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஓட்டை எதுக்கு தம்பி? நான் என்ன பிடிக்கவா போறேன்? முழுக் கட்டையா இருந்தாத்தான் கெட்டியா இருக்கும்."

துளையோடுதான் செய்து கப்பலில் அனுப்பினேன். என் கையில் முதல்முறையாகச் சரிவு சரியாக விழுந்திருந்தது. பிரமாதமாக இருக்கிறது என்று போனில் சொன்னார். துளை இருப்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.