வெள்ளிமலைக்கு ஒரு சாவுச் சேதி

காலை ஐந்தரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். மாசி மாதம், ஜன்னலோர இடம், பக்கத்தில் ஆள் இல்லை. கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியேறாமல் இத்தா இருந்து முடித்து, வெளியூருக்குக் கிளம்பிய முதல் பயணம். மகன் காரில் கூட்டிப்போகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். எதற்குப் போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் கணவர் ஆயுசு முழுக்கக் காதலித்த பெண்ணிடம், அவர் போய்விட்டார் என்று சொல்லப் போனேன்.

அவர் கல்லூரியில் பாரசீகம் கற்பித்தவர். பூர்வீகம் வாணியம்பாடி. அவருடைய அப்பா தோல் பதனிடும் கடைகளுக்குக் கடுக்காய் வாங்கிக் கொடுக்கும் வியாபாரி. கல்வராயன் மலைக் கடுக்காய்க்கு அந்தக் காலத்தில் நல்ல கிராக்கி. அப்பாவுக்காக இரண்டு மூன்று பருவம் மலையேறிய பிள்ளை, அங்கே ஒரு பெண்ணிடம் மனத்தை விட்டுவிட்டு மூட்டைகளோடு இறங்கிவிட்டது. மதம் வேறு, மனிதர்கள் வேறு. வாய்விட்டுக் கேட்கவே இரு பக்கமும் துணிவில்லை. இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. கல்யாணமான முதல் வருஷமே சொல்லிவிட்டார். பெயரை மட்டும் சொல்லவில்லை. கஜல் கவிதையில் காதலியின் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை என்று அதற்கு விளக்கம் வேறு!

எட்டரைக்கு உளுந்தூர்பேட்டை. பஸ் கால் மணி நேரம் நின்றது. டீ பதினைந்து ரூபாய், வெறும் வெந்நீர். லாரிகளின் இரைச்சலில் நின்றுகொண்டே அதைக் குடித்தேன்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் கவிதை வாசிப்பார். நான் கீரை ஆய்ந்தபடி கேட்பேன். அந்தக் கவிதைகளில் வரும் காதலனுக்குச் சேர்ந்து வாழும் ஆசையே கிடையாது. அவள் நடக்கும் தெருவில் மண்ணாகக் கிடந்தால் போதும். அவள் கோபமாகப் பார்த்தாலும் பார்த்தாளே என்று பூரித்துப் போவான். விட்டில் விளக்கைக் கேள்வி கேட்காமல் எரிவதுபோல் எரிவான். விடியற்காலைக் காற்றைக் கூப்பிட்டு, அவளிடம் என் சேதியைச் சொல் என்பான். அங்கே போட்டிக்காரன் உண்டு, வாசற்காவலன் உண்டு, மது ஊற்றுபவன் உண்டு. மனைவி மட்டும் கிடையாது. ஒருநாள் இதைக் கேட்டேவிட்டேன். அவர் சிரித்து மழுப்பினார். திரும்பக் கிடைக்குமா என்று பாராமல் ஒருவரை நேசிப்பதுதான் அந்தக் காதல் என்றால், அது கீரை ஆய்ந்துகொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பெயரையும் ஊரையும் சொன்னார். "அவளுக்குச் சொல்லிடு" என்றார். அவ்வளவுதான். கடைசியில் எனக்கும் ஒரு வேடம் கிடைத்தது, காற்று வேடம்.

பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சி. வெள்ளிமலை பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். கச்சிராயபாளையம் வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர், இருபுறமும் கரும்பு. மலையடிவாரத்து அணையைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின, காதடைத்தது. பக்கத்தில் ரேஷன் பையை மடியில் வைத்திருந்த அம்மா பேச்சுக் கொடுத்தாள்.

"மலையில யார் வூட்டுக்குங்க?"

"தெரிஞ்சவங்க வீடு. ஒரு சேதி சொல்லணும்."

"இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்துக்கினு? போன்ல சொல்லிக்கலாமே."

"போன்ல சொல்ற சேதி இல்லம்மா."

"அப்ப கல்யாண சேதிதான்" என்று அவள் முகம் மலர்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த வளைவுகளில் நான் அல்லாவிடம் கேட்டதெல்லாம் ஒன்றே: அவள் அவரை மறந்திருக்க வேண்டும். மறந்திருந்தால் அவர் காதல் வெறும் புத்தகக் காதல், ஆள் எனக்குத்தான். மறக்காமல் இருந்தால், இத்தனை வருஷம் என் வீட்டில் இருந்தவரில் எனக்கென்று எவ்வளவு மிஞ்சும்?

வெள்ளிமலையில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. அந்தச் சிற்றூரின் பெயரை எழுத மாட்டேன், அவள் பெயரையும். அவர் காப்பாற்றியதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

ஊர்க்கோடியில் ஓட்டு வீடு. முன்னால் பாறை, பாறை முழுக்கக் காய்ந்துகொண்டிருந்த கடுக்காய். அறுபதைத் தாண்டிய ஒல்லியான பெண் குத்துக்காலிட்டு அதைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை, மகன் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலை என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார்.

"யாரும்மா? காய் வாங்கவா? இந்த வருஷம் வெளச்சல் கம்மிங்க."

"வாங்க வரலக்கா. முன்ன வாணியம்பாடி சாயபு மகன் ஒருத்தர் இங்க வருவாரு. ஞாபகம் இருக்குதா?"

புரட்டும் கை நிற்கவில்லை. "எத்தினியோ சாயபுங்க வந்துக்கினு இருந்தாங்க. யாரக் கண்டது?"

எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. துக்கச் சேதி சொல்ல வந்த இடத்தில் இப்படியா என்று கூசியது, ஆனாலும் சந்தோஷம்தான்.

"நான் அவரோட சம்சாரம். ஐப்பசியில தவறிட்டாரு. உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

கை நின்றது. "அப்பிடிங்களா" என்றாள். எழுந்து உள்ளே போனாள். கதவு வழியாக எனக்கு அடுப்பு தெரிந்தது. பாதி வெந்த உலையை இறக்கி வைத்தாள். எரியும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். விருந்தாளியைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க இப்படியும் ஒரு வழி உண்டா என்று நினைத்தேன். மலைக்காரர்களின் விருந்தோம்பலைப் பற்றி அவர் அளந்ததெல்லாம் சுத்தப் புளுகு.

திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நோவு ஜாஸ்திங்களா?"

"கடைசி வாரம் ஜாஸ்தி. அப்புறம் தூக்கத்துலயே போயிட்டாரு."

"கூட யார் இருந்தாங்க?"

"நான்தான்."

"நல்லதுங்க." கையில் ஒட்டிய சாம்பலைத் தட்டினாள். "குளுருக்குப் போத்தி வுட்டீங்களா?"

"ரெண்டு போர்வை" என்றேன். சித்திரை வெயிலிலும் போர்வை கேட்கும் மனிதர் அவர். இது எந்த நோயாளிக்கும் கேட்கிற கேள்விதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதன்பின் இருவரும் கடுக்காயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வந்த காரியம் முடிந்தது. நிழல் சாயத் தொடங்கியபோது எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்க்கா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. தெரியாமல் தப்புச் செய்தவளைத் திருத்தும் குரலில் சொன்னாள்:

"சாவு வூட்ல சொல்லிக்கினு போவ மாட்டாங்கம்மா. கம்முனு போங்க."

நான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன், குடத்துத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொள்ளும் சத்தம் பின்னால் கேட்டது. சொந்தக்காரர் சாவைக் கேட்டவர்கள் ஊற்றிக்கொள்வது போல, ஒரு குடம், இன்னொரு குடம். சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்க்கவில்லை.

மூன்றரை மணி பஸ்ஸில் கூட்டம் இல்லை. அணை கண்ணில் படும் வளைவில் அழ ஆரம்பித்தேன். கச்சிராயபாளையம் தாண்டியும் நிற்கவில்லை. இத்தாவில் இருந்தபோது என் வீட்டில் உட்கார இடமில்லாமல் ஜனம். ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவளிடம் துக்கம் கேட்க ஒருவரும் வரப்போவதில்லை. வந்தவள் நான் ஒருத்திதான். நானும் ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டேன்.