அன்னபுஷ்பம் ஏற்றிய எண்

அன்னபுஷ்பம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பெனி பஸ் மண்ணூர் கூட்ரோட்டில் நிற்காது. அங்கே நிறுத்தம் கிடையாது என்றார்கள். ஒருநாள் அவள் சாப்பாட்டுப் பையோடு நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். பிரேக்கை மிதித்த டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். அவளும் பதிலுக்குக் கத்தினாள். மறுநாளும் போய் நின்றாள். அதற்கப்புறம் பஸ் தானாகவே நிற்க ஆரம்பித்தது. அந்த டிரைவர் மரியஜோசப், ஈஸ்டர் கழிந்ததும் பெண் கேட்டு அவள் வீட்டுக்கே வந்தார்.

அவள் சேர்ந்தது ஒரகடத்தில், கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் தொழிற்சாலை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு டேட்டா என்ட்ரிக்குத்தான் சேர்ந்தாள். சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெங்களூர் போனபோது, அந்த அறையின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இவளிடம் கொடுத்தார்கள். சாவி இவளிடமே தங்கிவிட்டது. அந்த சர்வர்களை இயக்கும் லினக்ஸை அவள் கற்றதெல்லாம் அங்கேதான். கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றாள்.

தொழிற்சாலை வளர்ந்தது. இரண்டு லைன் ஐந்து லைன் ஆனது. ஒவ்வொரு சட்டத்தின் ஸ்டிக்கரையும் கையிலிருக்கும் ஸ்கேனரால் தட்டினால்தான் அது அடுத்த இடத்துக்கு நகரும். தட்டிய விவரம் சர்வருக்குப் போய்ப் பச்சை விளக்கு எரிய வேண்டும். ஐந்தாவது லைன் வந்ததிலிருந்து, ஷிப்ட் மாறும் நேரமெல்லாம் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கால் மணி நேரம் போல எல்லாம் நின்றுவிடும். பிறகு தானாகச் சரியாகும்.

மூன்றாவது லைனில் வேலை பார்க்கும் கிளியம்மாள் ஒருநாள் கேன்டீனில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அமுக்கினா செவப்பு தான் எரியுது. நாங்க இன்னா பண்ணுவோம்? சூப்பர்வைசரு வந்து, 'கதை பேசிக்கினு நிக்கிறீங்களா'ன்றாரு. நேத்து எல்லார் முன்னாடியும் கேட்டாரு, வூட்ல தூங்கலியான்னு. ஒடம்பு நோவு கூட பொறுத்துக்கலாம் யக்கா. இந்தப் பேச்சு கீது பாரு, அது தாங்கல."

அன்னபுஷ்பம் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு சர்வர் அறைக்குப் போனாள். காரணம் பிடிபட அன்று மாலை ஆனது. ஒரே சமயத்தில் எத்தனை கோப்புகளும் இணைப்புகளும் திறந்திருக்கலாம் என்று லினக்ஸின் மையமான கெர்னலில் ஓர் எண் இருக்கிறது. அது எட்டாயிரத்துச் சொச்சம். ஷிப்ட் மாறும்போது பழைய ஷிப்டின் இணைப்புகள் மூடுவதற்குள் புது ஷிப்டின் ஸ்கேனர்கள் வந்து முட்டின. எண் நிரம்பியதும் சர்வர் கதவைச் சாத்திக்கொண்டது.

சாஃப்ட்வேர் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தாள். ஃபிரடி என்ற இன்ஜினியர் எடுத்தான்.

"எங்க கைடுல அதான் மேடம் மேக்ஸிமம். அதுக்கு மேல போனா சப்போர்ட் கெடையாது. புது வெர்ஷனுக்கு மாறிட்டா இந்தப் பிரச்சனையே வராது."

"ஏன் தம்பி எட்டாயிரம்? எந்த மெஷினுக்குச் சொன்னது அது?"

"அது ரெகமண்டட் வேல்யூ மேடம்."

"அதான் கேக்கறேன். ஏன்?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவன் திரும்பக் கூப்பிடவில்லை.

அவளுடைய மேலதிகாரி பரசுராமன் கெட்டவர் அல்ல. முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ ஒருவன் சர்வரில் கைவைத்து இரண்டு நாள் உற்பத்தியே நின்றுபோனதைப் பார்த்தவர். "அவங்க எழுதினதுக்கு மேல நாம போக வேணாம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

ஒதுக்கிப் போட்டிருந்த பழைய சர்வர் ஒன்றை அவள் தூசி தட்டி எடுத்தாள். அதில் எண்ணைக் கண்டபடி ஏற்றி, பொய் இணைப்புகளை அள்ளி விட்டாள். கொஞ்ச நேரத்தில் மெமரி தீர்ந்து மெஷின் உறைந்து நின்றது. கீபோர்டுக்குக்கூட அசையவில்லை. கைடு எழுதியவன் சும்மா எழுதவில்லை. ஆனால் அவன் எழுதியது இந்தப் பழைய மெஷின் மாதிரி ஒன்றுக்கு. இப்போது ஓடுகிற சர்வருக்கு மெமரி பல மடங்கு. ஓர் இணைப்புக்கு எவ்வளவு மெமரி போகிறது என்று அளந்து பார்த்தாள். முப்பத்திரண்டாயிரம் தாங்கும், அதற்குமேல் ஆசைப்படக் கூடாது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் லைன்கள் நின்றிருந்தன. பரசுராமனுக்குப் போன் போட்டாள்.

"சார், கேக்கறதுக்குப் போன் பண்ணல. சொல்றதுக்குப் பண்றேன். லிமிட்ட ஏத்தறேன்."

"வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார். லைன்ல பொம்பளைங்க தெனமும் திட்டு வாங்கறாங்க. தப்பு அவங்களோடது இல்ல, நம்ம மெஷினோடது. தெரிஞ்சப்புறம் என்னால சும்மா இருக்க முடியாது."

அவர் பதில் சொல்வதற்குள் எண்ணை மாற்றிவிட்டாள். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. ஐந்து லைனிலும் பச்சை. திங்கள், செவ்வாய், அடுத்த வாரம், எல்லா நாளும் பச்சை. பரசுராமனும் எண்ணை இறக்கச் சொல்லவில்லை.

பிறகு ஒரு மழைநாளில் கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸும் கைவிட்டு, சர்வர் அணைந்து எழுந்தது. காலை ஷிப்டில் மறுபடி சிவப்பு. எல்லா ஸ்கேனரும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப முட்டியதால் இந்தமுறை கால் மணி கடந்தும் சரியாகவில்லை. பரசுராமன் சர்வர் அறைக்குள் வேகமாக வந்தார். கையிலிருந்த போனின் ஸ்பீக்கரில் ஃபிரடி.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், லிமிட்டுக்கு மேல போகாதீங்கன்னு."

"உடனே பழைய எண்ணுக்குக் கொண்டு வா," என்றார் பரசுராமன். எப்போதும் 'வாங்க போங்க' என்பவர்.

அவள் திரையைப் பார்த்தாள். எட்டாயிரத்துச் சொச்சம். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த கெர்னலில் மட்டும்தான் மாற்றியிருந்தாள். அணைத்து எழுப்பினாலும் நிலைக்கும்படி கான்ஃபிக் ஃபைலில் எழுத மறந்திருக்கிறாள்.

"சார், பழைய எண்ணுதான் இப்ப இருக்குது. ஏத்தினதால நிக்கல. ஏத்தினது போயிட்டதால நிக்குது. ஃபைல்ல எழுதாம விட்டது என் தப்பு. அதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா எறக்கச் சொன்னா செய்ய மாட்டேன்."

"தொடாதீங்க மேடம்," என்றது போன்.

"தொடறேன் தம்பி. நீயும் கேட்டுக்கோ."

அவர் கண்ணெதிரிலேயே எண்ணை ஏற்றினாள். ஃபைலிலும் எழுதினாள். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். அப்ளிகேஷனை மறுபடி எழுப்பினாள். பரசுராமன் கண்ணாடி வழியாகக் கீழே லைனைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது.

"இனிமே இந்த சர்வர் ஒங்க பொறுப்பு. அவங்க வரமாட்டாங்க," என்றார், குரல் இறங்கி.

"என் பொறுப்பாவே இருக்கட்டும் சார்."

அப்படியேதான் ஆனது. விற்ற கம்பெனி அந்த சர்வரைக் கைகழுவியது. அந்த வருஷம் அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை நடுவே போன் அதிர்ந்தால் எழுந்து வெளியே வந்துதான் ஆக வேண்டும். கணவர் மரியஜோசப்புக்கு அதில் வருத்தம். அவளுக்கும் இல்லாமலில்லை. ஆனாலும் எண்ணை அவள் இறக்கவில்லை.

ஒன்று மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர்கள் கூடும் காலைக் கூட்டத்துக்கு, யாரும் கூப்பிடாமலே போனாள்.

"ஷிப்ட் மாறும்போது லைன் நின்னதெல்லாம் சர்வர் கோளாறு. ஆளுங்க கை மெதுவுன்னு திட்டினீங்க. அவங்ககிட்ட நீங்க சொல்லணும்."

மூன்றாவது லைன் சூப்பர்வைசர் சிரித்தார். "அதான் சரியாயிடுச்சே மேடம். பழச எதுக்குக் கிளறிக்கிட்டு?"

"ஒங்களுக்குத்தான் பழசு. நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று இரண்டு மணிக்கு, ஒரு ஷிப்ட் போக ஒரு ஷிப்ட் வர, இரண்டு கூட்டமும் லைனில் நின்ற நேரம் பார்த்து அன்னபுஷ்பம் போனாள். இரைச்சலுக்கு மேல் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள், தப்பு உங்களுடையது இல்லை, எங்கள் மெஷினுடையது என்று. பின்வரிசைக்குக் கேட்கவில்லை. கிளியம்மாள் ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டாள்.

"ஏறி நின்னு சொல்லு யக்கா. சூப்பர்வைசருக்கும் கேக்கட்டும்."